கறுக்க விடாத களா

கரிசல் காட்டின் நடுவில் ஒரு நூல் மில் இருந்தது, மில்லுக்குப் பின்னால் ஓடு போட்ட வீடுகள் ஒரே வரிசையாக இருந்தன, அந்த வீடுகளுக்கு முன்னால் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரைக்கும் இடுப்பளவு உயரத்தில் ஒரு களா வேலி இருந்தது. சங்கு ஊதினால் ஷிப்ட்டு, வேலி பூத்தால் பங்குனி என்று காலத்தை அளந்துகொண்டிருந்த அந்த லைன் வீட்டு ஜனங்களுக்கு, வேலியில் காய்க்கிற காயைத் தின்றால் ஆவுடையின் ஞாபகம் வரும் என்பது, மழை பெய்தால் ஓடு ஒழுகும் என்பதைப்போல ஒரு சாதாரணச் சங்கதியாக இருந்தது.

அது ஆவுடையைப் பற்றிய ஞாபகம் அல்ல. செத்துப்போன மனுஷியை நினைத்துக்கொள்ள ஊறுகாய் எதற்கு? இது ஆவுடையினுடைய ஞாபகம். அவள் கண் பார்த்தது, அவள் காலில் பட்டது, அவள் மூக்கில் ஏறியது. பிறந்ததிலிருந்து குழாய்த் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரைப் பார்க்காத ஜெபமணி, ஒருநாள் தயிர்ச்சோற்றுக்கு ஒரு துண்டு களா ஊறுகாயைக் கடித்தவுடன், படித்துறையில் பாசி பிடித்த மூன்றாம் படியில் தன் கால் வழுக்குவதையும் ஆற்றுத் தண்ணீர் முழங்காலில் சில்லென்று ஏறுவதையும் உணர்ந்து பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் புருஷன் "என்ன, படித்துறையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மோரை ஊற்றிக்கொண்டான். புளிப்பு நாக்கில் நிற்கிறவரைக்கும் அது இருக்கும், ஒரு வாய் தண்ணீர் குடித்தால் போய்விடும்.

வேலியை வைத்தவளே ஆவுடைதான். ஆற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து, மில்லில் பஞ்சு அடிக்கிற ப்ளோரூமில் வேலை பார்த்த சங்கையாவுக்கு வாக்கப்பட்டு வந்தபோது, முந்தானையில் ஒரு கை களாப்பழம் முடிந்துகொண்டு வந்தாள். களா விதை காய்ந்துவிட்டால் முளைக்காது என்று, வந்த அன்றைக்கே பழத்தைப் பிசைந்து உடைந்த பானையில் ஊன்றினாள். கன்று விரல் நீளம் வளர ஒரு வருஷம் எடுத்துக்கொண்டது. பிறகு தன் வீட்டு வாசலோடு நிறுத்தாமல் எல்லா வீட்டு வாசலிலும் வரிசை பிடித்து நட்டாள். முள்ளைக் கொண்டுவந்து வாசலில் வைக்கிறாளே, மூளை கெட்டவளா என்று லைனே சிரித்தது. ஆடு அதில் வாய் வைக்கவில்லை, கோடையில் தண்ணீர் கேட்டு அது அழவில்லை, கத்தரித்துவிட்ட இடத்தில் எல்லாம் இரண்டாகக் கிளைத்து மதில்போல அடைந்துகொண்டது, மூன்றாம் வருஷம் பங்குனியில் மல்லிகையோ என்று ஏமாந்து போகிற மாதிரி வெள்ளைவெளேரென்று பூத்தது. மானேஜர் பங்களாவில் குரோட்டன்ஸ் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாகூட ஆள் அனுப்பிக் கன்று கேட்டார்கள். அந்தப் பூவை ஆவுடை பார்த்தாள், காயைப் பார்க்கவில்லை. பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு அந்தப் பங்குனி முடிவதற்குள் செத்துப்போனாள், அவள் செத்த கையோடு வேலி காய்த்தது.

பச்சைக் காயில் ஆவுடையின் சின்ன வயசு இருந்தது. ஒரு கன்னம் சிவந்த காயில் தாவணி போட்ட வயசும் கல்யாணமும் இருந்தன. அதற்கு மேல் என்ன இருந்தது என்று கேட்டால் லைனில் பதில் கிடையாது. அதற்கு மேல் அங்கே யாரும் காயை விட்டுவைப்பதில்லை. முதல் வருஷம் மட்டும் ஒரே ஒரு காய் இலைக்குள் மறைந்திருந்து ஆடியில் கறுத்தது. அதைப் பறித்துத் தின்றவள் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் வேலை பார்த்த பவுனுத்தாய். தின்றவள் வேலிப் பக்கத்திலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், அன்றைக்குச் சாயங்காலமே வீடு வீடாகப் போய், பழுக்க விட்டால் ருசி கெட்டுப்போகுது, இனிமேல் காயிலேயே பறித்துவிட வேண்டியது என்று சொல்லிவிட்டு வந்தாள். ஏன் என்று ஒரு வீட்டிலும் கேட்கவில்லை. கேட்காமல் ஒத்துக்கொண்டார்கள் என்பதுதான் அதில் விசேஷம்.

ஆகவே சித்திரை பிறந்ததும் லைன் முழுக்கப் பறிப்பு நடக்கும். பால் ஒட்டாமல் இருக்கக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, முள்ளுக்குப் பயந்து பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பெண்கள் இலைக்கு இலை புரட்டிப் பார்த்துப் பறிப்பார்கள். கீறி, கொட்டை எடுத்து, உப்புத் தண்ணீரில் போட்டுப் பிசின் போக அலசி, நல்லெண்ணெயில் தாளித்து ஜாடியில் அடைத்தால் அடுத்த சித்திரைவரைக்கும் ஆவுடையின் பிள்ளைப்பிராயம் எல்லா வீட்டுச் சோற்றுக்கும் தொட்டுக்கொள்ள இருக்கும். எந்தத் துண்டில் எது வரும் என்று சொல்ல முடியாது. ஒருத்திக்குப் பரிசல் வரும், ஒருத்திக்கு மருத மரத்து நிழல் வரும், ஒருத்திக்கு வாத்தியார் அடித்த அடி வரும். அடி வந்தவள் ஊறுகாய் ஜாடியை முறைத்துவிட்டு இன்னொரு துண்டு எடுப்பாள். புதுசாக வாக்கப்பட்டு வருகிற பெண்ணுக்கு முதல் நாள் சோற்றிலேயே ஒரு துண்டு வைத்துவிடுவார்கள், லைனில் மற்றவர்கள் பேசுவது விளங்க வேண்டாமா? பள்ளிக்கூடத்தில் 'நான் பார்த்த ஆறு' என்று கட்டுரை எழுதச் சொன்ன வாத்தியார், லைன் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே ஆற்றை, ஒரே படித்துறையை, ஒரே வழுக்குகிற மூன்றாம் படியை எழுதிக் கொண்டுவந்ததைப் பார்த்து, பார்த்து எழுதினீர்களா என்று எல்லாரையும் முட்டி போட வைத்தார். பார்த்துத்தான் எழுதினோம் சார் என்று அவர்கள் சொன்னது இன்னும் மோசமாகப் போயிற்று.

எல்லா ஞாபகத்திலும் லைனுக்குப் பிடித்தது கோமு. கோமு ஆவுடையின் தங்கச்சி. கண்ணாமூச்சி விளையாட்டில் ஒளிந்துகொள்ளத் தெரியாதவள். நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்திருப்பாள், ஆவுடை "கோமூ" என்று ஒரு தடவை கூப்பிட்டாலே போதும், வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டாமல் "ஏன்?" என்று கேட்டுவிடுவாள். "கூட்டாளி கூப்பிட்டா ஏன்னு கேக்கக் கூடாதுடீ, அதான் விளையாட்டு" என்று ஆவுடை சொல்லிக்கொடுப்பாள். அடுத்த தடவையும் "ஏன்?" தான். ஆறு வயசில் காய்ச்சலில் கோமு செத்துப்போனாள்; பச்சைக்காயில் எங்கோ ஒரு துண்டில் அதுவும் இருந்தது, அந்தத் துண்டு யாருக்கு அகப்பட்டதோ அவள் அன்றைக்கு வேலைக்குப் போக மாட்டாள், மேஸ்திரியும் காரணம் தெரிந்து திட்ட மாட்டார்.

லைனுக்கு இன்னொரு பழக்கம் இருந்தது, வெளியூர்க்காரர்களுக்கு அது சிரிப்பாக இருக்கும். அங்கே யாரையும் இரண்டாம் தடவை கூப்பிட வேண்டியதில்லை. ஒரு பெயரைச் சொல்லி வாயெடுத்தாலே கதவு திறந்துவிடும். குளித்துக்கொண்டிருந்தவள் ஈரத்துணியோடு வந்து நிற்பாள், தூங்கிக்கொண்டிருந்தவன் பாயை மிதித்துக்கொண்டு ஓடிவருவான். மீன்காரர் ஒரு பெயரைக் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக் கதவும் சேர்ந்து திறக்கும். இப்படிக் கதவு திறக்கிற ஜனம் வேறு எங்கேயும் கிடையாது என்று மீன்காரர் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லுவார். அவர்கள் அப்படித் திறப்பது பயத்தினால் என்று அவருக்குத் தெரியாது.

ஆவுடை விட்டுவிட்டுப் போன பிள்ளைக்கு முத்துப்பேச்சி என்று லைனே பெயர் வைத்தது. சங்கையா பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறிக் கொஞ்சக் காலத்தில் போய்ச் சேர்ந்தார். போகிறவரைக்கும் களா ஊறுகாயைக் கையால் தொடாதவர், தொட்டால் அழுதுவிடுவோம் என்று பயம். பேச்சியை எல்லா வீடும் வளர்த்தது. பவுனுத்தாய் தன் மகனுக்குக் கொடுத்த பாலில் பாதியை இவளுக்குக் கொடுத்தாள், ராக்கு இவளுக்குத் தலை பின்னிவிட்ட பிறகுதான் தன் மகளுக்குப் பின்னுவாள், பேச்சி ஒரு தடவை இருமினால் இருந்த வீடெல்லாம் கஷாயம் காய்ச்சும். இப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்தால் எந்தப் பிள்ளைக்கும் ஒரு நாள் சந்தேகம் வரும், என்னிடத்தில் இவர்களுக்கு என்ன பாக்கி என்று.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. லைனுக்கே ஆவுடையைத் தெரிந்தது, பேச்சிக்கு மட்டும் தெரியவில்லை. எத்தனை களாக்காய் தின்றாலும் அவளுக்குப் புளிப்புதான் வந்தது. கூடை கூடையாகத் தின்று பார்த்தாள், பல் கூசிப் பிசின் உதட்டில் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். சின்னப் பிள்ளையில் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வீடாகப் போய், "எங்கம்மா இன்னைக்கு என்ன செஞ்சா?" என்று கேட்பாள். பரிசல்ல போனா தாயி, கோமுவுக்கு ரிப்பன் கட்டிவிட்டா தாயி என்று சொல்லுவார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "அதுல நான் இருந்தேனா?" என்பாள். இல்லை, இருக்க முடியாது, காய் எல்லாம் அவள் பிறப்பதற்கு முந்தின காலம். நான் கறுத்த பழத்தில்தான் இருப்பேன், அதில் எங்கம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அதைத்தான் எனக்கென்று வைத்திருக்கிறாள் என்று பேச்சி வளர வளர முடிவு கட்டிக்கொண்டாள்.

வளர்ந்து, சிவகாசியில் அச்சாபீஸ் வேலை பார்க்கிறவனுக்கு வாக்கப்பட்டு, தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு என்று லைனுக்கே வந்தாள். அது ஒரு சித்திரை. வளையல் அடுக்கிய கையோடு வந்து இறங்கியவளுக்கு எல்லா வீட்டிலிருந்தும் சோறு வந்தது. அடுத்த நாள் காலையில் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பெண்கள் வேலிக்கு வந்தபோது, பேச்சி வயிற்றைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்து நின்றாள்.

"பெரியம்மா, காயைத் தொடாதீக."

"ஏன் தாயி?" என்றாள் பவுனுத்தாய்.

"எனக்கு ஆசையா இருக்கு. இந்த வேலியில கறுக்கக் கறுக்கப் பழுத்த பழம் திங்கணும்."

பவுனுத்தாய் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "பழம் நல்லா இருக்காதும்மா. கொழகொழன்னு கெடக்கும். மாங்கா வாங்கியாறச் சொல்லுதேன், நெல்லிக்கா வாங்கியாறச் சொல்லுதேன்."

"பிள்ளைத்தாச்சி கேட்டதைக் குடுக்கலைன்னா பிள்ளைக்குக் காதுல சீழ் வடியும்னு நீங்கதான பெரியம்மா சொல்லுவீக?"

அதற்குப் பிறகு பேச என்ன இருக்கிறது? கர்ப்பிணி வாய்விட்டுக் கேட்டதை இல்லை என்று சொல்ல அந்த லைனில் யாருக்கும் நாக்கு வளையாது. ராக்கு மெதுவாக, "வேற என்னத்துக்குடா தங்கம் அந்தப் பழம்?" என்று கேட்டுப் பார்த்தாள். பேச்சி மறைக்கவில்லை. "எங்கம்மா பிள்ளை பெத்து எப்படிச் செத்தான்னு தெரியணும் அத்தை. நீங்க எல்லாரும் ஜன்னின்னு சொல்லுதீக. சொல்லும்போது ஒருத்தர்கூட என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கீக. நானும் அதே மாதிரிப் பெறப்போறேன். எனக்குப் பயமா இருக்கு." பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, எண்ணெய்க் கையைத் தலையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அந்த வருஷம் லைனில் புது ஊறுகாய் போடவில்லை. பழைய ஜாடிகள் காலியாகக் காலியாக ஆற்றுச் சத்தம் ஓய்ந்தது, பிள்ளைகள் கோமு விளையாட்டு விளையாடுவதை நிறுத்திவிட்டார்கள், ஆண்கள் சோற்றைப் பிசைந்துகொண்டு யோசனையாக உட்கார்ந்திருந்தார்கள். வேலியில் பச்சை சிவப்பாயிற்று, சிவப்பு அரக்கு நிறத்துக்குப் போயிற்று, போகப் போக லைனில் கருக்கல் கட்டியதுபோல ஒரு கலக்கம் இறங்கியது. காற்றே இல்லாத உச்சிவெயிலில் வேலி மாத்திரம் சலசலத்தது, யாரோ அதைப் பிடித்துப் பிடித்து நடக்கிறாற்போல ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்கு அந்தச் சலசலப்பு நகர்ந்தது. அப்புறம் கதவுகளில் எழுத்து வந்தது. நீலப் பெயின்ட் அடித்து, அதன் மேல் பச்சை அடித்து, அதன் மேல் மறுபடி நீலம் அடித்த கதவுகளில், அத்தனை பூச்சையும் தள்ளிக்கொண்டு சுண்ணாம்பு எழுத்து மேலே வந்தது. எல்லாக் கதவிலும் ஒரே எழுத்து: 'நாளை வா.'

"இது என்ன சித்தி?" என்று பேச்சி ஜெபமணியிடம் கேட்டாள்.

"அதா? மலேரியாக்காரன் எழுதிட்டுப் போனது."

"மலேரியாக்காரன் நாளை வான்னு யாருக்கு எழுதுவான்?"

ஜெபமணி அவசரமாக உள்ளே போய் அடுப்பைப் பார்த்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. பவுனுத்தாயின் மகன் ஒரு டப்பா பெயின்ட் வாங்கிவந்து எல்லாக் கதவுக்கும் புதுசாக அடித்தான். காலையில் பெயின்ட் காய்வதற்கு முன்னாலேயே எழுத்து வெளியே வந்து நின்றது.

ஆடியில் பழம் கறுத்தது. மைனா கொத்தாமல் இருக்கப் பேச்சி பழைய கொசுவலையை வேலி மேல் விரித்துவைத்திருந்தாள். வெளியே அனல் அடித்த ஒரு மத்தியானத்தில், ஆண்கள் எல்லாம் ஷிப்ட்டில் இருக்கும்போது, வலையை விலக்கிப் பறித்தாள். கை பட்டாலே காம்பை விட்டுக் கழன்றன. ஒரு கிண்ணம் நிறையச் சேர்ந்ததும் வாசல்படியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, முதல் பழத்தை வாயில் போட்டாள். லைனில் எல்லாக் கதவும் திறந்திருந்தது, எல்லா வாசலிலும் பெண்கள் நின்றார்கள்.

பழம் இனித்தது. இன்னொன்று போட்டாள், அதுவும் இனித்தது. ஒவ்வொன்றாகப் போட்டு மென்று, தோலைத் துப்பாமல் விழுங்கி, நாக்கும் பல்லும் உதடும் கறுத்து, சாறு முழங்கைவரைக்கும் வழிந்து, கிண்ணத்தில் பாதி தீர்ந்த பிறகு அவள் கண்ணைத் திறந்தாள். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. அம்மாவின் முகம் வரவில்லை, கை வரவில்லை, தெருவில் போகிறவர்கள் தின்றாலும் கிடைக்கிற ஒரு படித்துறைகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. இத்தனை வருஷமாக எனக்கென்று வைத்திருக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தது வெறும் பழம். பேச்சி சின்னப் பிள்ளைபோல வாய்விட்டு அழுதாள். பார்க்கச் சகிக்காத அழுகை அது.

அழுது ஓய்ந்து, கிண்ணத்தைத் தூக்கிப் பவுனுத்தாயிடம் நீட்டினாள். "நீங்க தின்னு பாத்துச் சொல்லுங்க பெரியம்மா. எப்பவும் சொல்லுவீகள்ல, எங்கம்மா என்ன செஞ்சான்னு. இன்னைக்கும் சொல்லுங்க."

பவுனுத்தாய் கிண்ணத்தை வாங்கவில்லை. அவளுக்கு முட்டு வலி, உட்காரக் கஷ்டம்; ஆனாலும் பேச்சிக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தாள்.

"திங்க வேணாம் தாயி. எனக்குத் தெரியும்."

அவள் சொன்னாள். ஆவுடை செத்த அந்தப் பங்குனியில் ஊரெல்லாம் ஒரு பேச்சு அடிபட்டது. உச்சிப்பொழுதுக்கு ஒருத்தி வருகிறாள், இடுப்பில் கைப்பிள்ளை, தலைவிரி கோலம், வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள், தெரிந்தவர்கள் குரலிலேயே கூப்பிடுகிறாள், ஏன் என்று கேட்டவர்கள் ரத்தம் கக்கிச் சாகிறார்கள். பக்கத்து ஊரில் இரண்டு பேர் செத்தார்கள் என்றார்கள். அது யார் என்று இன்றுவரைக்கும் தெரியாது. எல்லா வீட்டிலும் வேப்பிலை சொருகி, படித்துவிட்டுத் திரும்பிப் போகட்டும் என்று நாளை வா எனச் சுண்ணாம்பால் எழுதி, மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தார்கள்.

"உங்கம்மாவுக்குப் பிள்ளை பெத்து வாரம் திரும்பல. அன்னைக்கு மத்தியானம் உதிரம் கண்டு நிக்கல. உங்கப்பா ஷிப்ட்டுல. உன்னையத் தூக்கிக்கிட்டு, வேலியப் பிடிச்சுக்கிட்டு வாசல் வாசலா வந்தா. முதல்ல என் வாசல். பவுனக்கான்னு கூப்பிட்டா." பவுனுத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எடுத்தாள். "நான் உள்ளதான் இருந்தேன். கதவுக்கு இந்தப் பக்கம், கதவத் தொட்டுக்கிட்டு நின்னேன். பவுனக்கா, நான்தான் ஆவுடை, நேத்து உங்கிட்ட முறம் வாங்கிட்டுப் போனேனேன்னு சொன்னா. பேய் அதையும் சொல்லுமின்னு பேசிக்கிட்டாகளே தாயி. வீட்டுச் சங்கதியெல்லாம் சொல்லும், ஏமாந்துறாதீகன்னு. அடுத்து ராக்கு மதினின்னா. அடுத்து ஜெபமணின்னா. ஒருத்தரும் ஏன்னு கேக்கல. அப்புறம் நீ அழுத. அந்த அழுகை சத்தம் கேட்டுத்தான் நான் கதவத் தெறந்தேன். பேய்ப்பிள்ளை அழும்னு யாரும் சொல்லியிருக்கல. அதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

ராக்கு தன் வாசலில் தலையில் அடித்துக்கொண்டாள். ஜெபமணி கர்த்தாவே என்றாள். பேச்சி யாரையும் திட்டவில்லை. தன்னை வளர்த்த ஒவ்வொரு முகத்தையும் கடைசிவரைக்கும் பார்த்தாள், கிண்ணத்தைப் படியில் வைத்தாள், சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. அந்த லைனில் பட்டப்பகலில் ஒரு தாழ்ப்பாள் விழுகிற சத்தத்தைக் கேட்டு அநேக வருஷம் ஆகியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே பாத்திரம் உருண்டது. அப்புறம் ஒரு முனகல், பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குகிற முனகல். பிள்ளை பெற்ற பெண்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"வலி கண்டுருச்சு," என்றாள் ராக்கு. "பேச்சீ! கதவத் தொறம்மா!"

 ஜெபமணி கூப்பிட்டாள், "பேச்சீ, சித்தி வந்திருக்கேன்டா, முந்தாநாள் உனக்கு அதிரசம் தந்தேனே." சொன்ன பிறகுதான் அவளுக்குத் தான் யார் மாதிரிப் பேசினோம் என்று தெரிந்தது, கதவை விட்டு ஓரடி பின்னால் வந்தாள். தட்டினார்கள், தள்ளினார்கள், மில்காரன் போட்டுக்கொடுத்த வேங்கைக் கதவு அசையவில்லை. கதவை உடைக்க ஆண்களைக் கூட்டிவர ஒருத்தி மில்லுக்கு ஓடினாள், மில் வாசல் அந்தக் கடைசியில் இருந்தது. சாத்திய கதவு வெளியிலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று அந்தப் பெண்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் ராக்கு கிண்ணத்திலிருந்து ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டாள். ராக்கு மதினி என்று தன் கதவைத் தானே வெளியில் நின்று கூப்பிட்டாள். தொடையில் சூடாக ஒழுகியதை உணர்ந்தாள். கையில் பிள்ளை கனத்ததை உணர்ந்தாள். அவள் மடங்கி உட்கார, ஜெபமணி ஒன்றை எடுத்தாள், பிறகு மற்றவர்கள். தன் தன் பேரைத் தன் தன் வாசலில் நின்று கூப்பிட்டு, உள்ளே மூச்சை அடக்கிக்கொண்டு தானே நிற்பது தெரிந்து, ஒருவரும் மற்றவரைத் தேற்றவில்லை. கிண்ணத்தின் அடியில் கடைசியாக ஒரு பழம் கிடந்தது, எல்லாவற்றையும்விடக் கறுத்து, தோல் சுருங்கி. அதைப் பவுனுத்தாய் எடுத்துத் தின்றாள்.

அந்தப் பழத்தில் எல்லா வாசலிலும் கூப்பிட்டு முடிந்திருந்தது.  முள் முதுகில் குத்துவதுகூடத் தெரியாமல் வேலியோடு சரிந்து உட்கார்ந்தபோது தலைக்கு மேல் பூ வெள்ளையாக இருந்தது. கூப்பிட இனி யாரும் இல்லை. மடியில் பிள்ளை கண்ணை விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆவுடை அந்த முகத்தைப் பார்த்தாள். பயந்து பார்க்கவில்லை, கோபத்தோடு பார்க்கவில்லை, குதிருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறவளைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரிப் பார்த்தாள். பெயர் வைக்காத பிள்ளைக்கு ஒரு பெயரைச் சொல்லி, ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். பிள்ளை வாயைத் திறந்து, லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதது.

பவுனுத்தாய் எழுந்து கதவில் கையை வைத்தாள். அன்றைக்கு எந்த இடத்தில் கை வைத்து நின்றாளோ அதே உயரம், ஆனால் வெளிப்பக்கம்.

"உங்கம்மா கடைசியா உன்னையத்தான் கூப்பிட்டா, தாயி. நாங்க வச்ச பேரு இல்ல. அவ வச்ச பேரு. நாங்க ஒருத்தரும் கேக்கல, நீ கேட்ட. பிறந்து வாரமாகாத பிள்ள, நீ ஒருத்திதான் அவளுக்கு ஏன்னு கேட்ட."

உள்ளே முனகல் நின்றது. வேலியும் சலசலக்காமல் நின்றது.  பவுனுத்தாய் வாயைத் திறந்ததும் வந்த குரல், லைனில் பச்சைக்காய் தின்ற எல்லாருக்கும் தெரிந்த குரல்.

"கோமூ."

உள்ளே இருந்தவளுக்குக் கோபம் இருந்தது, வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்ற வைராக்கியம் இருந்தது, அதற்கெல்லாம் முந்திக்கொண்டு அவள் வாய் திறந்துவிட்டது.

"ஏன்?"

தாழ்ப்பாள் விலகியது.